பிலோமினாவின் குரலில் பேசிய கணினி

அந்தக் காலத்தில் கணினிகள் பேசத் தொடங்கியிருந்தன. ஆனால் அவற்றுக்குத் தமிழ் பேசத் தெரியாது. கணினி இருக்கும் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போவார்கள். வேலை முடிந்ததும் பூப்போட்ட துணியால் மூடி வைப்பார்கள். வீட்டுக்கு முதல்முறை வரும் மாப்பிள்ளைக்குக்கூட அவ்வளவு மரியாதை கிடைத்திருக்காது.

அப்போது திருச்சி பாலக்கரையில் பார்வையற்றோருக்கென ஒரு படிப்பகம் இருந்தது. அதை நடத்தியவள் கோமளவல்லி. பிறவியிலேயே பார்வை இல்லாதவள். நன்கொடையாக வந்த ஒரு கணினி அங்கே இருந்தது. திரையில் உள்ளதை ஆங்கிலத்தில் கடகடவென்று வாசிக்கும். தமிழ் எழுத்து வந்துவிட்டால் வாயை மூடிக்கொள்ளும்.

தமிழுக்குப் பிலோமினா இருந்தாள். அரசு அலுவலகம் ஒன்றில் தட்டச்சு செய்து ஓய்வு பெற்றவள். மதியச் சாப்பாடு முடிந்ததும் வந்துவிடுவாள். நாவல், வாரப் பத்திரிகை, கல்யாண அழைப்பிதழ், எதைக் கொடுத்தாலும் வாசிப்பாள். சோகமான இடம் வந்தால் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வாசிப்பாள், கேட்பவர்களும் உறிஞ்சுவார்கள். அந்த மதியங்கள் அப்படித்தான் கழிந்தன.

ஒரு மழைக்காலத்தில் அவள் குரல் கம்மியது. சளி என்றுதான் நினைத்தார்கள். ஆஸ்பத்திரியில் தொண்டைப் புற்று என்றார்கள். குரல்வளையை எடுத்தாக வேண்டும். உயிர் பிழைக்கலாம், பேச்சு வராது.

கோமளவல்லி அவளைத் தேடிப் போனாள்.

"நீங்க பேச முடியாது. எழுதிக் காட்டினா எனக்குத் தெரியாது. இனிமே நாம எப்படிக்கா பேசிக்கிறது?"

பிலோமினா அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பக்கத்துக் கல்லூரியில் கணினி ஆசிரியராக இருந்த நைனா முகமது, படிப்பகத்துக் கணினி மக்கர் செய்தால் வந்து பார்ப்பவர். அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. பிலோமினா தட்டச்சு செய்ய, கணினி அதைத் தமிழில் பேசினால்? அந்தக் கணினியின் மென்பொருளைச் செய்த நிறுவனத்துக்குப் போன் போட்டுப் பேசினார்.

"தமிழ் சேர்க்கிற உத்தேசமே இல்லையாம்" என்றார் திரும்பி வந்து. "சரி, நாங்களே சேர்த்துக்கிறோம்னு கேட்டேன். உள்ளே யாரும் கை வைக்கக் கூடாதுன்னுட்டாங்க."

"அப்ப அவ்வளவுதானா?" என்றாள் கோமளவல்லி.

"லினக்ஸ்னு வேற மென்பொருள் ஒண்ணு இருக்குக்கா. செஞ்சவங்க எல்லாத்தையும் திறந்தே வெச்சிருக்காங்க. யார் வேணும்னாலும் உள்ளே பார்க்கலாம், மாத்தலாம், அடுத்தவங்களுக்கும் கொடுக்கலாம். ஆனா தமிழ்க் குரலை நாமதான் செஞ்சு சேர்க்கணும்."

"யார் குரலை?"

"ஏன், என் குரலை எடுத்துக்குங்க" என்றாள் பிலோமினா. "வீணாப் போறதுக்கு இதுல இருக்கட்டுமே."

காலை வேளைகளில் அவள் குரல் கொஞ்சம் தெளிவாக இருந்தது. கல்லூரியில் ஒரு அறையின் ஜன்னல்களைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, வியர்க்க வியர்க்க உட்கார்ந்து பதிவு செய்தார்கள். "கக்கா, கங்கா, கச்சா" என்று அர்த்தமில்லாமல் அடுக்கும்போது அவளுக்கே சிரிப்பு வரும். கோமளவல்லி மட்டும் சிரிக்கவில்லை. ஒவ்வோர் எழுத்தும் பிலோமினாவிடமிருந்து கழன்று போவதுபோல இருந்தது.

அறுவை சிகிச்சை நடந்தது. பிலோமினா பிழைத்து வந்தாள். படிப்பகத்துக்கு வந்து பக்கத்தில் உட்காருவாள். அவள் பூசியிருக்கும் பவுடரின் வாசனையை வைத்துத்தான் கோமளவல்லிக்கு அவள் வந்திருப்பது தெரியும்.

நைனா முகமது ஒலிகளை நறுக்கிக் கோத்து முடிக்கப் பல மாதங்களாயின. கடைசியில் ஒரு குறுந்தகட்டோடு வந்தார்.

"பழசை முழுக்க அழிச்சாத்தான் இதுக்கு இடம் கிடைக்கும். இது சரியா வரலேன்னா பழசையும் திரும்பப் போட முடியாது. அதோட தகடு நம்மகிட்ட இல்லை."

படிக்க வந்திருந்தவர்கள் பதறினார்கள். "இங்கிலீஷாவது பேசுது. அதையும் கெடுத்துக்கணுமா?"

கோமளவல்லிக்கு அந்த ஆங்கிலக் குரல் பழகிய குரல். உலகத்தை அவளுக்கு முதன்முதலாக வாசித்துக் காட்டியது அதுதான். அவள் விரல் பொத்தானின் மேல் தயங்கியது. பக்கத்தில் பவுடர் வாசனை. பேச்சில்லை.

அழுத்திவிட்டாள்.

கணினி வாயடைத்துப் போனது. நேரம் போகப் போக நைனா முகமதுவின் பெருமூச்சுதான் கேட்டது. பிறகு விசைகள் தடதடத்தன. பழைய தட்டச்சரின் விரல்கள்.

"கோமலம்" என்றது கணினி.

பிலோமினாவின் குரல்! கோமளவல்லி சிரித்தாள், சிரித்தபடியே அழுதாள். "என் பேரையே தப்பாச் சொல்றீங்களேக்கா!"

நைனா முகமது அங்கேயே மென்பொருளைத் திறந்து, பிழையைத் தேடித் திருத்தினார். விசைகள் மறுபடி தடதடத்தன.

"கோமளம், ஆபரேஷனுக்குப் போறப்ப உன்கிட்டச் சொல்லாமப் போயிட்டேன். சொன்னா அழுதுடுவேன்னு பயம். கோவமா?"

"இல்லைக்கா" என்றாள் கோமளவல்லி. இருவரும் சாயங்காலம்வரை பேசிக்கொண்டிருந்தார்கள். யாரும் குறுக்கே போகவில்லை.

செய்தி பரவியது. கரூரிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் ஆட்கள் வந்து கேட்டார்கள். தகட்டில் நகல் எடுத்துக்கொண்டு போனார்கள். ஒருவர் தன் வட்டாரப் பேச்சைச் சேர்த்தார். இன்னொருவர் மங்கலாகப் பார்வை உள்ளவர்களுக்காகப் பெரிய எழுத்துகளைச் சேர்த்தார். சேர்த்ததை மற்றவர்களுக்கும் கொடுத்தார்கள்.

அன்று முதல்தான் பாலக்கரைப் பக்கத்து மனிதர்கள் கணினி வாங்கப் போனால், "இதைத் திறந்து நமக்கு வேண்டியதைச் சேர்த்துக்கலாமா?" என்று முதலில் கேட்கிறார்கள், முடியாது என்றால், பெட்டி எவ்வளவு பளபளத்தாலும் திரும்பி வந்துவிடுகிறார்கள்.