நீர்க்காகம் உதைத்த எண்ணெய்க் கலயம்

அந்தக் காலத்தில், பறவைகள் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, செம்பேரியில் ஒரே ஓர் எண்ணெய்க் கலயம் இருந்தது. அதற்குப் பொறுப்பு தாரா வாத்து. விடிந்ததும் நீர்ப்பறவைகள் வரிசையில் நிற்கும். தாரா ஆளுக்கு ஒரு சொட்டு தடவிவிடும். தடவிய சிறகில் தண்ணீர் ஒட்டாது. நீர்க்காகமும் எல்லோரையும்போல மிதந்துகொண்டு, மேலே வரும் மீனைக் கொத்தித் தின்றுகொண்டிருந்தது.

ஓர் ஐப்பசியில் ஏழு நாள் மழை விடவில்லை. ஏரி நடுவே இருந்த கருவேல மரங்களில்தான் எல்லோருடைய கூடும். தாழ்ந்த கிளையில் நீர்க்காகத்தின் கூடு, அதில் மூன்று முட்டைகள். துணையைப் புயல் கொண்டுபோய்விட்டது. எட்டாம் நாள் மழை விட்டபோது தண்ணீர் கூட்டுக்கு ஒரு சாண் கீழே நின்றது, இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.

ஏரியடியில் மடையை அடைத்திருந்த கட்டையைப் பிடுங்கினால்தான் தண்ணீர் வடியும். தாரா முங்கிப் பார்த்தது. எண்ணெய்ச் சிறகு அதை மேலே தூக்கிவிட்டது. நீர்க்காகத்துக்கும் அதே கதிதான்.

"எண்ணெயைக் கழுவிட்டு நான் போறேன். ஆனா நனைஞ்சு வந்தா என்னால பறக்க முடியாது. காயிற வரைக்கும் என் முட்டையை யாரு பார்ப்பா?" என்று கேட்டது நீர்க்காகம்.

"நாங்க எல்லாம் எதுக்கு இருக்கோம்? நீ போம்மா," என்றது தாரா.

நீர்க்காகம் துணி வெளுக்கும் உவர்மண்ணைத் தோல் எரிய எரியத் தேய்த்துக் கழுவியது. முங்கியது. மூச்சு முட்ட இழுத்ததில் கட்டை பிடுங்கிக்கொண்டது. ஏரி வடிந்தது.

தத்தளித்துக் கரையேறி மரத்தைப் பார்த்தால் அங்கே ஒரு குஞ்சு குருமான்கூட இல்லை. மடை வாயில் மீன் துள்ளுகிறதென்று அத்தனை பேரும் அங்கே ஓடியிருந்தார்கள். கூட்டின்மேல் பருந்து இறங்கிக்கொண்டிருந்தது.

"தாரா! பருந்து! என் முட்டை!"

தாரா ஒருமுறை திரும்பிப் பார்த்தது. வாய் நிறைய கெண்டை. மறுபடி மீன் பக்கமே திரும்பிக்கொண்டது. சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது. அவ்வளவு பேரில் ஒருவர் சிறகை அடித்திருந்தால் பருந்து ஓடியிருக்கும். இரண்டு முட்டைகள் போயின.

வயிறு நிரம்பியதும் தாரா கலயத்தோடு ஆடி ஆடி வந்தது.

"ஆனது ஆச்சு. ஒண்ணு மிச்சம் இருக்குல்ல? வா, எண்ணெய் தடவிக்கோ. நீர்ப்பறவை இப்படிச் சொட்டச் சொட்ட நின்னா நமக்குத்தானே கேவலம்?"

நீர்க்காகம் விட்டது ஓர் உதை. கலயம் தாராவின்மேல் கவிழ்ந்து உடைந்தது. எண்ணெய் சிறகின் வேர்வரைக்கும் ஊறியது. தெறித்த துளிகளை மற்றப் பறவைகள் அடித்துப் பிடித்துப் பூசிக்கொண்டன.

"நீயே குளிச்சுக்கோ! காலமெல்லாம் நனைஞ்சு கிடந்தாலும் உன்கிட்ட ஒரு சொட்டு வாங்க மாட்டேன்!"

மடைமேல் ஏறி, எல்லோரும் பார்க்கச் சிறகை விரித்து வெயிலில் காய்ந்தது. காய்ந்ததும் பறந்துபோய் அந்த ஒற்றை முட்டைமேல் உட்கார்ந்தது.

அன்று முதல் அழகாக மிதக்கும் தாராவுக்கு ஏரியடி எட்டுவதில்லை. தலையை மட்டும் முக்கி வாலை ஆட்டுகிறது. ஏரியடிவரை போய் மீன் பிடிக்கும் நீர்க்காகத்துக்கோ நனையாமல் மிதக்கத் தெரியாது. சிறகை விரித்துக்கொண்டு நிற்கிறது. கூட்டில் முட்டை இருந்தால் சோடியில் ஒன்று முங்கப் போகும், துணை முட்டைமேல் உட்கார்ந்திருக்கும். வேறு யாரையும் நம்பி விட்டுப் போவதில்லை.