கடுகு வெடிக்கிறப்ப சொன்ன பேரு

ஒரு ஊர்ல, ஊர் பேரு எதுக்கு, ஆறு வளையுற எடத்துல இருக்கிற ஏதோ ஒரு ஊர்னு வெச்சுக்குங்க, அங்க காத்தாயின்னு ஒருத்தி இருந்தா. அவளுக்கு ஒரு புருஷன், பேரு உப்பிலி. அவன் நாக்கு இருக்கே, அது நாக்கு இல்ல, தராசு. கத்திரிக்காயைக் கடிச்சான்னா எந்தக் கொல்லையில காய்ச்சதுன்னு சொல்லுவான். தண்ணியைக் குடிச்சான்னா எந்தக் கெணத்துத் தண்ணின்னு சொல்லுவான். கொழம்பை ஒரு வாய் வெச்சான்னா, "என்ன புள்ள, இன்னைக்கு எம்மேல கோவமா?"ன்னு கேப்பான். அவ்வளவு சூட்டிகை அந்த நாக்கு.

அந்தக் காலத்துப் பொம்பளைக புருஷன் பேரைச் சொல்ல மாட்டாக. சொன்னா அவன் ஆயுசு கொறையும்னு பயம். இவ புருஷன் பேரு உப்பிலியாச்சா, அதனால உப்புன்னு கூட இவ வாயில வராது. கடைக்காரர்கிட்டப் போயி, "அண்ணே, வெள்ளையா இருக்குமே, கல்லு கல்லா, கடலோரத்துல வெளையுமே, அதுல ஒரு படி குடுங்க"ம்பா. சிரிக்காதீங்கடா. உங்க வீட்டுலயும் அப்படித்தான் இருந்தாக ஒரு காலத்துல.

இந்த நாக்கோட பெருமை ராசா காதுக்குப் போச்சு. அந்த ராசாவுக்கு எதைக் கண்டாலும் விஷ பயம். பாலைக் குடுத்தா பாம்பு கக்குச்சோம்பான், பழத்தைக் குடுத்தா பல்லி நக்குச்சோம்பான், பச்சைத் தண்ணியைக் குடுத்தாக் கூட மோந்து மோந்து பாப்பான். "எனக்கு முன்னாடி அந்த நாக்கு தின்னு பாக்கட்டும், பொறவு நான் திங்கிறேன்"னு ஆள் விட்டு உப்பிலியைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டான். "அறுப்புக்கு வந்துருவேன் புள்ள"ன்னு சொல்லிட்டுப் போனான் உப்பிலி. அறுப்பு வந்துச்சு, அவன் வரல. பொங்கல் வந்துச்சு, அவன் வரல. மறு நடவும் வந்துச்சு, அவன் வரவே இல்ல.

காத்தாயி என்ன பண்ணுவா பாவம். வளையக்காரர்கிட்டச் சொல்லி விட்டா, அவரு திரும்பி வந்து, "அப்படி ஒரு ஆளே அரமனையில இல்லையாம் தாயி"ன்னாரு. பானைக்காரர்கிட்டச் சொல்லி விட்டா, அவரும் அதையேதான் சொன்னாரு. குறி சொல்லுற கோடாங்கிகிட்டயே சொல்லி விட்டா, அவனையும் அரமனை மடப்பள்ளி வாசல்லயே வெரட்டிட்டாக. ஊர்ல நாலு பேரு நாலு விதமாப் பேசுனாக. இவ காதுல வாங்கல. தெனமும் ரெண்டு பேருக்குச் சோறாக்குவா. அவன் பங்கை எலை போட்டு வெச்சு, எலை காய்ஞ்சு சுருண்டதும் எடுத்துக் கூரை மேல காக்காய்க்கு வெச்சுருவா. வெச்சுட்டுக் கொஞ்ச நேரம் அழுவா. அழுது முடிச்சுட்டுப் பாத்திரம் வெளக்குவா. பாத்திரம் வெளக்கித்தானே ஆகணும்?

புருஷன் பங்கைத் தின்னுத் தின்னு அந்தக் காக்கா கோழி கணக்கா ஆயிப்போச்சு. ஒரு நா அது அடுப்படிச் சன்னல்ல வந்து உக்காந்து பேசுச்சு. ஆமா, பேசுச்சு. கதையில காக்கா பேசாம ஒங்க மாமனா பேசுவாரு?

"தாயி, நான் அரமனைக் கூரைக்கும் போறவன்தான். ஒம் புருஷன் அங்கதான் இருக்கான்."

"காக்கையாரே! நல்லா இருக்காகளா? எளச்சுட்டாகளா? எதுக்கு வரல?"

"மடப்பள்ளித் தலைவன்தான் விடல. அந்த ஆளு நாக்கு செத்துப்போச்சு தாயி, புளிப்பும் தெரியாது, கசப்பும் தெரியாது. ஒம் புருஷன் ருசி பாத்துச் சொல்லுறதை வெச்சுத்தான் அவன் பொழப்பு ஓடுது. அதனால நீ சொல்லி விட்டவகளை எல்லாம் தொரத்திட்டான். ஒம் புருஷன்கிட்ட என்ன சொல்லிருக்கான் தெரியுமா? 'ஒம் பொண்டாட்டி ஒன்னை மறந்துட்டா, இப்ப வேற ஒருத்தனுக்குச் சோறு போடுறா'ன்னு சொல்லிருக்கான். அதைக் கேட்டு அவன் ஒடைஞ்சு போயிக் கெடக்கான்."

காத்தாயி சன்னல்கிட்ட ஓடுனா. "நான் மறக்கலன்னு நீங்களாச்சும் போயிச் சொல்லக்கூடாதா?"

"நான் கத்துனா, விருந்தாளி வராகன்னு சொல்லி ஒரு ஒழக்கு அரிசி கூடப் போடுவாகளே தவிர, எம் பேச்சை எவன் கேக்கான்? ஆனா ஒண்ணு. நீ கூப்புட்டா அவன் காதுக்கு எட்டாது, தொண்டைக்கு எட்டும். அடுப்படி மந்திரம் கேள்விப்பட்டிருக்கியா?"

"மந்திரத்துக்கு நான் எங்க போவேன்? காட்டுக்குப் போகணுமே, மண்டையோடு வேணுமே, மை வேணுமே?"

"அதெல்லாம் வேலையத்தவன் மந்திரம். ஒனக்கு ஒரு அடுப்பு, ஒரு கரண்டி எண்ணெய், ஒரு சிட்டிகை கடுகு போதும். அவன் சாப்புட உக்காருற நேரம் பாத்துத் தாளி. கடுகு வெடிக்கிறப்ப மனசார நெனைச்சுப் பேரைச் சொல்லு. அங்க அவனுக்குப் பொரை ஏறும். பொரை ஏறுனா என்ன அர்த்தம்? யாரோ நெனைக்கிறாகன்னு அர்த்தம். அது போதும் அவனுக்கு. ஆனா தாயி, சிட்டிகை தாண்டிராத."

காத்தாயி அடுப்பைப் பத்த வெச்சா. எண்ணெய் காஞ்சுச்சு. கடுகைப் போட்டா. படபடன்னு வெடிச்சுச்சு. பேரைச் சொல்லணும். உ... உ...ன்னா. வாய் வரல. எப்படி வரும்? ஒரு நாளும் சொன்னதில்லையே! வெக்கமும் பயமுமா வந்து, கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு, "எங்க வீட்டுக்காரரே!"ன்னு சொல்லிட்டா.

அவ்வளவுதான். அந்த ஊர்ல யாரெல்லாம் யாருக்கெல்லாம் வீட்டுக்காரரோ, அத்தனை பேருக்கும் பொரை ஏறிப்போச்சு! நாட்டாமை வீட்டுல லொக்கு லொக்கு. வண்ணான் வீட்டுல லொக்கு லொக்கு. கோயில் பூசாரி வாயில வெச்ச பொங்கலு மூக்கு வழியா வருது. பொண்டாட்டிமாரு ஓடி வந்து தலையில தட்டுனாக, தட்டிட்டு ஒடனே கையை இடுப்புல வெச்சுக்கிட்டு, "நான்தான் இங்க நிக்கேனே, ஒன்னை நெனைக்கிறவ எவ?"ன்னு கேட்டாக பாருங்க, அன்னைக்கு எந்த வீட்டுலயும் எவனும் ஒழுங்காச் சாப்புடல.

மறுநா காத்தாயி தைரியத்தை வரவழைச்சுக்கிட்டா. "சாமி, பேரைச் சொல்லுறதுக்குக் கொறையுற ஆயுசு எனக்குக் கொறையட்டும், அவுகளுக்கு வேணாம்"னு கும்புட்டுட்டு எண்ணெயைக் காய வெச்சா. சிட்டிகை எடுக்கத்தான் அஞ்சறைப்பெட்டியில கையை விட்டா. ஆனா இம்புட்டு நாளு அடக்கி வெச்ச ஏக்கம் சிட்டிகையில அடங்குமா? கையில வந்த அம்புட்டையும் அள்ளிப் போட்டுட்டா. அடுப்பே அதிருற மாதிரி வெடிச்சுச்சு. "உப்பிலி! உப்பிலி! எஞ்சாமி உப்பிலி!"ன்னு வாய்விட்டுக் கத்துனா. அந்தப் பேரு அவ வாய்க்கு அம்புட்டு இனிச்சுச்சாம்.

அங்க அரமனையில ராசா முன்னாடி உப்பிலி மொத வாய் சோத்தை வெச்சான். ஏறிச்சு பாருங்க பொரை! கண்ணு பிதுங்குது, மூஞ்சி செவக்குது, தரையில விழுந்து பொரளுறான். ராசா எலையைத் தூக்கி எறிஞ்சுட்டு, "விஷம்! விஷம்!"னு சிம்மாசனத்து மேல ஏறி நின்னுக்கிட்டான். உப்பிலிக்கு மூச்சு வந்ததும் அழுகையும் சிரிப்புமா, "விஷம் இல்ல மகாராசா, எம் பொண்டாட்டி நெனைக்கிறா. அவ என்னை மறக்கல. என்னை வீட்டுக்கு விடுங்க"ன்னான்.

மடப்பள்ளித் தலைவன் பாத்தான். இவன் வாயைத் தொறந்தா நம்ம குட்டு ஒடைஞ்சுருமே! ஒடனே, "மகாராசா, இவன்தான் விஷம் வெச்சிருக்கான், தப்பிச்சுப் போகத்தான் கதை கட்டுறான்"னுட்டான்.

உப்பிலி சொன்னான், "அப்படின்னா நாளைக்கு அவரும் என் பக்கத்துல உக்காந்து ஒரே சட்டிச் சோத்தைத் திங்கட்டும்."

"சரி. நாளை மதியம் ரெண்டு பேரும் தின்னுங்க. எவனுக்குப் பொரை ஏறுதோ அவன்தான் குத்தவாளி"ன்னு தீர்ப்புச் சொல்லிட்டான் ராசா.

காக்கா அடிச்சுப் புடிச்சுப் பறந்து வந்து சொல்லுச்சு. "கெடுத்தியே தாயி! நீ அள்ளிப் போட்ட கடுகோட வேகம் இன்னும் அடங்கல, இனி தாளிக்காம நெனைச்சாலே அவனுக்குப் பொரை ஏறும். நாளைக்கு மதியம் மட்டும் நீ அவனை நெனைக்காத. நெனைச்சா அவன் தலை போயிரும்."

நெனைக்காதன்னா? நீங்களே சொல்லுங்க, நெனைக்காதன்னா நெனைக்காம இருக்க முடியுமா?

விடிஞ்சதும் காத்தாயி மொறத்தை எடுத்து அரிசி பொடைச்சா, கல்லு கெடந்தா அவன் பல்லுல படுமேன்னு நெனைப்பு வந்துச்சு. மொறத்தை வெச்சுட்டுக் கத்திரிக்காயை எடுத்தா, காம்பை அவன் சப்பிச் சப்பித் தின்னுற நெனைப்பு வந்துச்சு. அதையும் வெச்சுட்டு வெறும் தண்ணியைக் குடிக்கப் போனா, எந்தக் கெணறுன்னு அவன் சொல்லுற கொரலு கேட்டுச்சு. அந்த வீட்டுல எதைத் தொட்டாலும் அவன்தான். பொழுது ஏறிக்கிட்டே போகுது. எம் பிரியமே எம் புருஷனைக் கொல்லப் போகுதேன்னு தலையில அடிச்சுக்கிட்டா.

அப்பத்தான் அவளுக்குப் பட்டுச்சு. வெறும் சட்டியை அடுப்புல வெச்சா கருகத்தான் செய்யும், அதுல எதையாச்சும் போட்டாத்தானே ஆகும்! மனசும் அப்படித்தான், அதுல வேற ஒருத்தன் நெனைப்பைப் போடணும்! கண்ணைத் தொடைச்சுக்கிட்டு, "காக்கையாரே, நான் மறந்துட்டேன்னு எம் புருஷன்கிட்டச் சொன்னானே, அந்தப் பாவி பேரு என்ன?"ன்னு கேட்டா.

"தாண்டவராயன்."

"சரி. நீங்க அரமனைக்குப் போங்க"ன்னா.

உச்சி வந்துச்சு. எண்ணெய் காஞ்சுச்சு. அஞ்சறைப்பெட்டியில இருந்த கடுகை மிச்சம் வைக்காமக் கவுத்தா. "தாண்டவராயா! அடே தாண்டவராயா! திங்கிற சோத்துக்காகப் பொய் சொன்ன தாண்டவராயா!" அம்புட்டு நாளு அழுகையையும் அந்தப் பேருல எறக்குனா.

அரமனையில உப்பிலி ஒரு கவளம் முழுங்குனான், வழுக்கிக்கிட்டு எறங்குச்சு. தாண்டவராயன் ஒரு கவளம் முழுங்குனான், ஐயோ! இருமுறான், தும்முறான், மூக்கு வழியா ரசம் வருது. சேவகமாரு மண்டையில மடார் மடார்னு தட்டி, "யாரு நெனைக்கிறாகன்னு பேரைச் சொல்லுங்க, சரியாச் சொன்னா நிக்கும்!"னாக.

"எங்க ஆத்தா"ன்னான். நிக்கல.

"எம் பொண்டாட்டி"ன்னான். அவளா நெனைப்பா! நிக்கல.

"மகாராசா"ன்னான். "நான் எதுக்கு ஒன்னை நெனைக்கணும், எதிர்லதானே இருக்க?"ன்னான் ராசா. நிக்கவே இல்ல.

உசுரு தொண்டைக்கு வந்துருச்சு. கடைசியில கையைக் கூப்பிக்கிட்டு, "தாயி காத்தாயி! நீ மறக்கவே இல்ல, நான்தான் பொய் சொன்னேன்!"னான். சட்டுன்னு நின்னுபோச்சு.

"யாருடா அந்தக் காத்தாயி?"ன்னான் ராசா. எல்லாம் வெளிய வந்துருச்சு. செத்த நாக்குக் கதையும் வந்துருச்சு. ராசா சொன்னான், "உப்பிலி, நீ வீட்டுக்குப் போ. தாண்டவராயா, இனிமே எனக்கு முன்னாடி நீதான் ருசி பாக்கணும்." அன்னையிலருந்து அவன், ருசியே தெரியாத வாயை வெச்சுக்கிட்டு, இதுல விஷமோ அதுல விஷமோன்னு ஒவ்வொரு கவளத்தையும் செத்துச் செத்து முழுங்குனான்.

ஆனா இதெல்லாம் காத்தாயிக்கு யாரு சொல்லுறது? அந்தக் காக்கா விருந்துச் சோத்தைத் தின்னுட்டு அரமனைக் கூரையிலயே படுத்துருச்சு. காக்கா புத்தி! புருஷன் இருக்கானா போயிட்டானான்னு தெரியாம இவ அடுப்படியில உக்காந்திருக்கா. நெனைக்கவும் பயம். நெனைப்பு வந்தா ஒடனே ஒலக்கையைத் தூக்கிக்கிட்டு நெல்லைக் குத்துவா. ஊர்ல எல்லார் வீட்டு நெல்லையும் வாங்கி வாங்கிக் குத்துனா.

குத்திக்கிட்டே இருக்கிறப்ப வாசல்ல ஒரு ஆளு மூச்சு வாங்க வந்து நின்னான். காலெல்லாம் புழுதி, மூஞ்சியெல்லாம் அழுகை.

"ஏ புள்ள, உசுரோடதான் இருக்கியா? வழியெல்லாம் சாப்புட்டேன், ஒரு வாய்க்குக் கூடப் பொரை ஏறல. நீ செத்துட்டியோன்னு பயந்து ஓடி வாறேன். ஏன்டி என்னை நெனைக்கல?"

ஒலக்கை கையிலருந்து நழுவி விழுந்துச்சு. "நெனைச்சா ஒங்களைக் கொன்னுருவாகளே"ன்னா காத்தாயி. "நெனைக்காம இருக்கிறதுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

அவன் வந்து பக்கத்துல உக்காந்தான். அவ சோத்தைப் போட்டா. ரெண்டு பேரும் ஒரே எலையில சாப்புட்டாக.

அவ்வளவுதான் கதை. சேந்து இருக்கிறவகளைப் பிரிச்சு வெச்சா, அது தொண்டையில வந்துதான் நிக்கும். ஒங்களுக்குச் சாப்புடுறப்ப பொரை ஏறுனா சள்ளுன்னு விழாதீங்க, எங்கயோ ஒருத்தி தாளிச்சுக்கிட்டு நிக்கான்னு வெச்சுக்கங்க. எனக்குப் பொரை ஏறி ரொம்ப காலம் ஆச்சு. கதை ஒலையில வெந்துச்சு, கேட்டவக வயிறு நெறைஞ்சுச்சு, சொன்னவ வாய் ஓய்ஞ்சுச்சு. படுங்க.