முப்பத்தெட்டுப் படகுகளுக்கு ஓர் அச்சு

"முதல் அநியாயம், கடல் படகு" என்றார் தீர்த்தகிரி.

நின்றுகொண்டே சொன்னார். உட்கார்ந்து சொன்னால் குறை முறையீடாகிவிடும். நின்று சொன்னால்தான் கோரிக்கை.

"ஆழமான வயிறு. ஆற்றில் இறக்கிய அன்றே பாறைமேல் உட்கார்ந்துகொண்டது. இன்று அதில் கோழி அடைகிறது.

"இரண்டாவது, இரும்புப் படகு. பாறைத் திட்டு வந்தால் படகைத் தூக்கிக்கொண்டு தாண்ட வேண்டும். அதை ஆறு பேர் தூக்கினோம். மூன்று பேருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது.

"மூன்றாவது..."

"தண்ணி குடிங்க தோழரே" என்றாள் பெருமாயி.

"குறுக்கே பேசாதேம்மா, வரிசை கெடும். மூன்றாவது, காலால் மிதிக்கும் படகு. முன்னால் அன்னப்பறவைக் கழுத்து. வலை போடப் போனவர்களைப் பார்த்து அக்கரையில் சுற்றுலா வந்தவர்கள் கைதட்டினார்கள்.

"நான்காவது, பந்தயத்துக்குச் செய்த கயாக் என்னும் துடுப்புப் படகு. அம்பு மாதிரி நீளம், அம்பு மாதிரி ஒல்லி. எங்கள் சங்கத்து மாதையன் அதில் எழுந்து வலையை இழுத்தான். வலை ஒரு பக்கம் போயிற்று, படகு ஒரு பக்கம் போயிற்று. மூன்றாம் நாள் கீழ்த்துறையில் மாதையன் கிடைத்தான்."

அவள் கொடுத்த தண்ணீரைக் குடித்தார்.

"அஞ்சாவது?"

"ஐந்தாவது அநியாயம் இல்லை. ஐந்தாவது எங்கள் வெற்றி. பதினோரு மாதம் போராடினோம். படகு கொடுக்கும் அறக்கட்டளை இறங்கி வந்துவிட்டது. இந்த முறை வடிவத்தை நாங்களே சொல்லலாம். வெள்ளிக்கிழமை காலை பத்து மணி, பஞ்சாயத்து மைதானம். சாட்சிகள் முன்னால் நான் படிக்க வேண்டும். படித்தபடி ஓர் அச்சு செய்வார்கள். அந்த அச்சில் முப்பத்தெட்டுப் படகு. அப்புறம் மாற்ற முடியாது."

"தப்பாப் படிச்சா?"

"அடுத்த மாதையனுக்கு நான் பொறுப்பு."

காவிரி அருவியாக விழுந்து ஓடும் இடத்துக்குக் கீழே, கரையோரக் கொட்டகையில் பெருமாயி உடைந்த படகுகளை ஒட்டிக்கொண்டிருந்தாள். வயது நாற்பதுகூட ஆகவில்லை. பத்தொன்பது வருடமாக அவளிடம் உடைந்த படகுகள் மட்டுமே வருகின்றன. எந்தப் படகு எங்கே உடையும் என்று அவளுக்குத் தெரியும். படகு செய்கிறவர்கள் அவளைக் கேட்பதில்லை. கேட்டால் அவர்கள் படிப்புக்குக் குறைச்சல்.

தீர்த்தகிரிக்கு அறுபத்து மூன்று. ஆற்று மீனவர் சங்கத்தின் செயலாளர். ஆறு முறை சிறை. கற்றுக்கொள்ள வெட்கப்படாதே என்று ஊர் ஊராகத் துண்டறிக்கை கொடுத்தவர். தன்னைவிட இளைய ஒருத்தியின் முன்னால் போய் நிற்பது கஷ்டமாகத்தான் இருந்தது.

நின்றார்.

"ஆற்று மீன் பிடிக்க எது நல்ல படகு?"

மணலில் மூன்று கயாக்குகள் கிடந்தன. நீளமானது, குட்டையானது, அகலமானது. அவள் அவற்றைக் கையால் காட்டினாள்.

"மீன் புடிச்சிட்டு வாங்க."

*

முதல் நாள் நீளமானதை எடுத்தார். மத்தியானத்துக்குள் வெறுங்கையோடு திரும்பினார்.

"எப்படி?"

"நல்ல வேகம். நூல் பிடித்த மாதிரி நேராகப் போகிறது."

"மீனு?"

"மீனைத் தாண்டிப் போய்விட்டது. திரும்பு என்றால் திரும்பவில்லை."

அவள் வாளியில் பசையைக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் நாள் குட்டையானது. பாறைக்குப் பாறை வளைந்தது. திறந்த தண்ணீருக்கு வந்ததும் பம்பரமாகச் சுற்றியது.

"மீனு?"

"தலை சுற்றுகிறதம்மா."

"மீனுக்கும் சுத்தியிருக்கும்."

மூன்றாம் நாள் அகலமானது. அடி தட்டை, ஏறும் தண்ணீர் இறங்கத் துளைகள். அவர் எழுந்து நின்றார், படகு அசையவில்லை. வீச்சுவலை வீசினார். மூன்று மீன்கள். திரும்பும்போது எதிர்நீரில் படகு ஏறவில்லை. பாதி வழி அதைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"நீங்க படகுல வந்தீங்களா, படகு உங்க மேல வந்துச்சா?" என்றாள்.

அவர் சிரித்தார். வந்த நாளாக இதுதான் முதல் சிரிப்பு.

"மூன்றுமே வேண்டாம். மூன்றிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் வேண்டும்."

ஓர் அட்டையை எடுத்துக் கரியால் வரைந்தார். பதினோரு அடி நீளம். மூன்றடி அகலம், நின்று வலை வீச. தட்டையான அடி, பாறை இடிக்காமலிருக்க. அடியில் நீளவாக்கில் இரண்டு வரம்பு, நேராக ஓட. மேல்நோக்கிய மூக்கு, அலை ஏற. உள்ளே குழி கிடையாது; மேலேயே உட்கார வேண்டும். ஏறும் தண்ணீர் துளை வழியாகத் தானே இறங்கிவிடும். ஒருவன் தூக்கிக்கொண்டு பாறை தாண்டும் அளவுக்கு எடை.

பெருமாயி அட்டையை வாங்கினாள். ஒவ்வொரு கோட்டின்மேலும் விரலை ஓட்டினாள். அவசரப்படவில்லை.

"நல்ல படகு" என்றாள். "நானும் இதைத்தான் செய்வேன்."

ஆறு வழக்குகளிலும் அவரை எந்த நீதிபதியும் பாராட்டியதில்லை. அட்டையைச் சுருட்டிக் கையிடுக்கில் வைத்துக்கொண்டார்.

"அப்படியானால் வருகிறேன்."

"நாளைக்குத்தான வியாழன். காலையில ஒரு வேலை இருக்கு, முடிச்சிட்டுப் போங்க. நடு ஆத்துல எம் வலை கெடக்குது. எடுத்துக் குடுங்க."

"அவ்வளவுதானா?"

"அகலப் படகுலயே போங்க. உங்க படத்துக்கு அதுதான் கிட்ட."

*

வலை இரண்டு பாறைகளுக்கு நடுவே கட்டியிருந்தது. இரவெல்லாம் நனைந்து, கெளுத்தி சிக்கி, கல்லாகக் கனத்தது.

தீர்த்தகிரி துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்தார்.

படகு குறுக்காகத் திரும்பியது. தண்ணீர் பக்கவாட்டில் தள்ளியது. வலை இறுகியது. படகின் ஓரம் தாழ்ந்து, தண்ணீர் மடிக்கு ஏறியது. துளைகள் இறக்கிவிடுவதற்குள் இன்னும் ஏறியது. பாறை அவரை நோக்கி வந்துகொண்டிருந்தது.

"புடி!" என்று கத்தினார். "துடுப்பப் புடி!"

பெருமாயி கரையில் நின்றாள். அசையவில்லை.

அவர் வலையை விட்டார். துடுப்பைப் பிடித்தார். பாறையைத் தோளால் உரசிக்கொண்டு, இருபது அடி கீழே போய்க் கரையேறினார். தோளில் ரத்தம்.

"கத்துனது கேக்கலயா? வேடிக்கையா பாக்குற?"

மேடைத் தமிழ் ஆற்றோடு போயிருந்தது.

"கேட்டுச்சு" என்றாள். "என்னையா கூப்ட்டீங்க?"

அவர் ஆற்றைத் திரும்பிப் பார்த்தார்.

அவர் கரையைப் பார்த்துக் கத்தவில்லை. திரும்பிக்கூடப் பார்க்காமல், முதுகுக்குப் பின்னால் கத்தியிருந்தார். சங்க வேலை முழுநேரமாகும் முன்பு பதினெட்டு வருடம் பரிசலில் மீன் பிடித்தவர். இரண்டு கையும் வலையில் மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் அப்படித்தான் கத்துவார். கத்தி முடிப்பதற்குள் பரிசல் நிலைக்கு வந்துவிடும்.

"முதுகுக்குப் பின்னால யாரு?" என்றாள் பெருமாயி.

"எங்க வீட்டுக்காரி."

"உங்க படத்துல அவங்க எங்க உக்காருவாங்க?"

அவர் கொட்டகைக்குப் போய் அட்டையை விரித்தார். நடுவில் ஓர் இருக்கை. அழகாக வரைந்திருந்தார்.

பையிலிருந்து சங்கத்தின் பட்டியலை எடுத்தார். முப்பத்தெட்டுப் பெயர்கள். முப்பத்தெட்டும் ஆண்கள்.

"எத்தனை இடம் வேணும்னு சங்கத்துல கேக்கலயா?"

"கேட்டோம். கூட்டம் போட்டோம். ஓர் இடம் போதும், எடை குறையும் என்று ஒருமனதாகக் கை தூக்கினார்கள்."

"யாரு கை?"

"உறுப்பினர்கள் கைதான். ஒரு பரிசலுக்கு ஓர் உறுப்பினர்."

"அது யாரு வெச்ச விதி?"

"நான்தான்" என்றார். குரல் நிமிர்ந்தது. "சும்மா இல்லை. குத்தகைக்காரர்கள் ஒவ்வொரு பரிசலிலும் நான்கு சொந்தக்காரர்களைக் காட்டிச் சங்கத்தைப் பிடிக்கப் பார்த்தார்கள். அந்த விதியால்தான் சங்கம் பிழைத்தது. அதற்காக நாற்பது நாள் உள்ளே இருந்தேன்."

"நல்ல விதிதான். எந்த வருசம்?"

"கடல் படகு வருவதற்கு இரண்டு வருடம் முன்னால்."

"மாதையன் அந்தக் கயாக்குல தனியாவா போனான்?"

"அதில் ஓர் இடம்தான். எங்கள் பட்டியலைப் பார்த்து அனுப்பியது. ஒரு பெயர், ஓர் இடம்."

பெருமாயி அவர் தோளில் மஞ்சளை வைத்து அழுத்தினாள்.

"அப்ப உங்க வரிசை எங்கேருந்து ஆரம்பிக்குது?"

தீர்த்தகிரி மணலில் உட்கார்ந்தார்.

அட்டையைத் திருப்பிப் போட்டு, "கரி இருக்கிறதா?" என்று கேட்டார்.

*

வெள்ளிக்கிழமை மைதானம் நிறைந்திருந்தது. அறக்கட்டளையின் பொறியாளர் ஒலிபெருக்கியை நீட்டினார். இரண்டு பஞ்சாயத்து உறுப்பினர்கள் சாட்சிகளாகப் பேனாவோடு உட்கார்ந்திருந்தார்கள்.

தீர்த்தகிரி படித்தார்.

"நீளம், பதின்மூன்று அடி. அகலம், மூன்றடி. தட்டை அடி, இரண்டு வரம்பு. இருக்கை, இரண்டு. முன்னால் வலை. பின்னால் துடுப்பு. எடை, இரண்டு பேர் தூக்குமளவு."

மைதானம் சலசலத்தது.

"தோழரே, கூட்டத்துல ஒண்ணுன்னுதான கை தூக்குனோம்?" என்றான் முன்வரிசையில் இருந்த அய்யந்துரை.

"தூக்கினோம். நானும் தூக்கினேன். நேற்று முன்தினம் வரை அதுதான் சரி என்று இருந்தேன். ஆற்றில் இறங்கிப் பார், ரெண்டு கையிலும் வலை இருக்கும்போது மூன்றாவது கை உனக்கு எங்கே இருக்கிறது என்று."

"அதுக்குத்தான் வீட்ல இருக்காங்களே!"

"வீட்டில் எங்கே இருக்கிறார்கள்? படகில் இருக்கிறார்கள்."

பின்வரிசையில் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

பொறியாளர் தாளைப் புரட்டினார். "ஐயா, ஒரு படகுக்கு ஒரு பெயர்தான் கொடுத்திருக்கிறீர்கள். இரண்டு இருக்கை என்றால் இரண்டு பெயர் வேண்டும். இரண்டு பேருமே உறுப்பினராக இருக்க வேண்டும். உங்கள் சங்க விதி ஒப்புக்கொள்ளாதே?"

"ஒப்புக்கொள்ளாது. விதியை எழுதியவன் நான். பாதி எழுதியிருக்கிறேன். மீதியை இன்று மதியம் பொதுக்குழு எழுதும். எழுதாவிட்டால் செயலாளர் வேலைக்கு வேறு ஆள் பாருங்கள்."

"அப்ப சங்கத்துல எழுவத்தாறு பேரா?" என்றது ஒரு குரல். "ஆண்டு விழாவுக்குப் பிரியாணி பத்தாதே!"

"இத்தனை வருசம் அதை ஆக்கிப் போட்டது யாருடா?" என்றது பின்வரிசை.

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. உறுப்பினர்களின் கடைசி வரிசையிலிருந்து, விதியை மாற்றச் சம்மதமென்று ஒரு கை மேலே போனது. பிறகு இரண்டு. அய்யந்துரை சுற்றிலும் பார்த்தான். அவனும் தூக்கினான். எண்ண வேண்டிய அவசியம் வரவில்லை.

"மதியம்வரை ஏன் காத்திருக்க வேண்டும்?" என்றார் தீர்த்தகிரி. "சாட்சிகள் எழுதிக்கொள்ளுங்கள். முதல் படகு. வலை, அய்யந்துரை."

பேனாக்கள் ஓடின.

"துடுப்பு..."

நின்றார்.

அவர் கையிலிருந்த தாளில் அந்த இடத்தில் வெறும் கோடு இருந்தது. முப்பத்தெட்டு இடத்திலும் கோடுதான். மைதானத்தில் ஒவ்வொருவரையும் பார்த்து நிரப்பிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தார். எல்லா முகமும் தெரியும். மறியல் நாட்களில் கூழ்ப் பானையோடு வந்த முகங்கள். அய்யந்துரையின் மனைவி தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். இருபது வருடமாகத் தெரியும்.

"உன் பேர் என்னம்மா?" என்றார்.

ஒலிபெருக்கி அதை அக்கரை வரைக்கும் கொண்டுபோனது.

"அய்யந்துரை சம்சாரம்னு போட்டுக்குங்க தோழரே" என்றான் அய்யந்துரை. "யாருக்குத் தெரியாது?"

"அது உன் பேர். நான் கேட்டது அவள் பேரை."

அவள் தொட்டியை விட்டு நகர்ந்தாள். கூட்டம் வழிவிட்டது. மேசைக்கு முன்னால் வந்து நின்று, அவரைப் பார்த்து, சாட்சிகளைப் பார்த்து, சொன்னாள்.

தீர்த்தகிரி கோட்டின்மேல் எழுதினார். ஒலிபெருக்கியை வாயருகே கொண்டுவந்தார்.

"முதல் படகு. துடுப்பு, சாலம்மாள்."