மீனுக்கு வாலில் கண்

வடிவம்மையின் மடத்துக்கு ஞானசிகாமணி சீடராக வந்து ஆறு மாதம் ஆகிறது. குருவுக்கு நாற்பது வயது, சீடருக்கு அறுபத்திரண்டு. வாழ்நாளெல்லாம் கட்டட வரைபடம் போட்டவர். கோணல் கண்ணில் பட்டால் மனிதருக்குச் சோறு இறங்காது.

மடத்துப் பால்வாடிச் சுவரில் பிள்ளைகள் உடைந்த டைல்ஸ் துண்டுகளை ஒட்டி மீன் செய்துகொண்டிருந்தார்கள். அவர்தான் துண்டுகளின் முனையைத் தேய்த்துக் கொடுத்தார், சிமெண்ட் பூசினார்.

பவளக்கொடி என்றொரு ஐந்து வயதுப் பெண். சேர்ந்து இரண்டு வாரமாகியும் எதையும் கையால் தொட்டதில்லை. அன்று காலை முதன்முதலாக ஒரு கறுப்புத் துண்டை எடுத்து ஒட்டினாள். அது மீனின் கண். ஒட்டிய இடம் வால்.

மத்தியானம் பிள்ளைகள் தூங்கினார்கள். சிமெண்ட் இன்னும் ஈரம். ஞானசிகாமணி சும்மா இருப்பாரா? கண்ணைப் பெயர்த்துத் தலையில் வைத்தார். செதில்களையும் வரிசைப்படுத்தினார். மீன் அசல் மீனாகிவிட்டது.

எழுந்து வந்த பவளக்கொடி வெகுநேரம் பார்த்தாள்.

"இந்தாம்மா, அடுத்த துண்டு."

"நீங்களே ஒட்டுங்க தாத்தா. உங்களுக்குத்தான் நல்லா வருது."

இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கெஞ்சியும் எடுக்கவில்லை.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பயந்துபோய்க் குருவிடம் ஓடினார்.

"அம்மா, அந்தப் பொண்ணு அழல, கோவிச்சுக்கல. என்னைப் பாராட்டுது. ஆனா கையை எடுக்க மாட்டேங்குது. இனிமே தொடவே தொடாதோன்னு பயமா இருக்கும்மா. நான் என்ன தப்புப் பண்ணேன்? சரியாத்தானே வச்சேன்?"

வடிவம்மை எழுந்து போய் ஞானசிகாமணியின் தியானப் பாயை விரித்து, அதில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"அம்மா, அது என் பாய்."

"தெரியும். ஆறு மாசமா பார்க்கிறேன். உங்க முதுகும் கோணல், மனசும் நிக்கிறதில்லை. இனிமே உங்க தியானத்தை நானே பண்ணிடறேன். நல்லா வரும்."

கண்ணை மூடிக்கொண்டார்.

ஞானசிகாமணி திகைத்து நின்றார்.

"அப்ப நான் என்ன பண்றது?"

"போய் அந்தப் பொண்ணு பக்கத்துல உட்காருங்க. ரெண்டு பேருக்கும்தான் இப்ப வேலை இல்லையே."