ஒரு மடிப் பஞ்சுப் போர்வை

“இது போர்வையா, அப்பளமா? உக்காந்தா புதைய வேண்டாமா? மடிச்சு வெச்சா மலை மாதிரி நிக்க வேண்டாமா? நாலு பேர் வந்து போற வீட்டுல இதை எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு விரிக்கிறது?”

ஒரு வார்த்தை கூட்டலை, குறைக்கலை, மாமியார்க்காரி பெரியநாச்சி கத்தின கத்து இதேதான். கத்தினதோட விட்டாளா? போர்வையைத் தூக்கி மருமக சீரங்காயி மேலயே வீசினாளாம். அது அவ தலையில விழுந்து, தோள்ல வழிஞ்சு, பாதம் வரைக்கும் வந்து நின்னுச்சாம். உள்ளேருந்து ஒரு சத்தமும் இல்லை. அழறாளோன்னு பார்த்தா, அழலை. அந்த இருட்டு கிடைச்சதும் நின்ன வாக்குலயே அவளுக்குக் கண்ணு சொருகிடுச்சாம்.

சரி சரி, சிரிச்சது போதும். முதல்லேருந்து வர்றேன். காலை நீட்டிப் படுங்க, குறுக்கே பேசினா பாதியில நிறுத்திடுவேன்.

ஒரு மலை மேல, பாதி வருஷம் மழையும் மீதி வருஷம் பனியும் மூடிக் கிடக்கிற ஒரு ஊர் இருந்துச்சாம். அந்த ஊர்ல பெரியநாச்சி குடும்பம்தான் பெரிய குடும்பம். மூணு மகனுங்க, மூணு மருமகளுங்க, மாடு, கன்னு, கோழி. கடைசி மகன் பேரு சடையன். ஊர்ல அவனை மண்டுன்னு சொல்லுவாங்க, ஏன்னா அவன் மனசுல பட்டதை அப்படியே சொல்லிடுவான். அவன் பொண்டாட்டிதான் சீரங்காயி.

அந்த ஊர்ல ஒரு வழக்கம். வாழ வந்த பொண்ணு, வீட்டுல இருக்கிற எல்லாரோட பழைய சேலை வேட்டியையும் வாங்கி, ஒட்டுப்போட்டு, நடுவுல பஞ்சு வெச்சு, தன் கையால ஒரு போர்வை தைக்கணும். தைச்சதை மடிச்சு மாமியார் முன்னால வைக்கணும். மாமியார் ஒரு தேங்காயை எடுத்து அது மேல போடுவா. தேங்காய் சத்தமில்லாம அமுங்கிப் போச்சுன்னா மருமக பாஸ், அன்னைலேருந்து உள்ளறையில படுக்க இடம். ‘டொக்’குனு தரை தட்டுச்சுன்னா ஃபெயில். திரும்பத் தைச்சு பாஸாகற வரைக்கும் அடுப்படியில, விறகுக்குப் பக்கத்துல சாக்கு விரிச்சுப் படுக்கணும். எல்லாரும் படுத்தப்புறம்தான் படுக்கணும், எல்லாரும் எழுந்திருக்கறதுக்கு முன்னால எழுந்திருக்கணும். தண்ணி எடுக்கறது, மாவாட்டறது, சாணி அள்ளறது எல்லாம் அவ தலையில.

சீரங்காயிக்கு நகை வேண்டியிருக்கலை, புதுச் சேலை வேண்டியிருக்கலை. உள்ளறையில ஒரு மூலை, யாரும் எழுப்பாம ஒரு தூக்கம், அவ்வளவு கிடைச்சா போதும்னு இருந்துச்சாம். கேக்கறதுக்கு சின்னதாத்தான் இருக்கு. குடும்பம் நடத்தினவங்களைக் கேட்டுப் பாருங்க, தெரியும்.

முதல் போர்வைக்கு ஒரு மூட்டை பஞ்சு வெச்சா. வேலையெல்லாம் முடிச்சு, கை ஓஞ்சு, கால் ஓஞ்சு, கண்ணும் ஓஞ்சு, அதுக்கப்புறம் உக்காந்து தைச்சா. கொண்டு வந்து வெச்சா. தேங்காய் விழுந்துச்சு. டொக்.

“பஞ்சு பத்தலை. இன்னும் வை”ன்னா பெரியநாச்சி.

ரெண்டாவது போர்வைக்கு ரெண்டு மூட்டை வெச்சா. தையல் ஊசி உள்ளயே போகலை, ஒடிஞ்சுது. கோணி ஊசியை எடுத்தா. அது ஒரு பக்கம் நுழைஞ்சு மறுபக்கம் வர்றதுக்குள்ள விரல்ல ரத்தம் வந்துடுச்சு. அதனால கிட்டக் கிட்டத் தைக்க முடியாம, ஒரு தையல் இங்கே, ஒரு தையல் அங்கேன்னு எட்ட எட்டப் போட்டா. அப்படியும் கை ஓஞ்சு, கால் ஓஞ்சு, கண்ணும் ஓஞ்சுதான் முடிச்சா. தேங்காய் விழுந்துச்சு, சத்தமே இல்லை! சீரங்காயிக்கு உசிரு வந்துச்சு. பெரியநாச்சி சும்மா இருப்பாளா? போர்வையை எடுத்து ஒரு உதறு உதறினா. தையல் பிடிமானம் இல்லாத பஞ்சு முழுக்க ஓடி ஒரு பக்கமாச் சேர்ந்துடுச்சு. ஒரு மூலையில மூட்டை, மத்த இடமெல்லாம் வெறும் துணி.

“பிரி. இன்னும் ஒரு மூட்டை சேர்த்துத் தை.”

அப்ப சடையன் ஓரமா நின்னுக்கிட்டுக் கேட்டானாம், “ஏம்மா, நாம போர்வை தைக்கிறது மனுசங்களுக்கா, தேங்காய்க்கா?”

“வாயை மூடுடா மண்டு!”

மண்டு வாயை மூடிக்கிட்டான். ஆனா அந்தக் கேள்வி சீரங்காயி காதுல போய் உக்காந்துடுச்சு.

அப்புறம் அவ பஞ்சு கொட்டறவர்கிட்ட போனா. அவர் பஞ்சு அடிக்கிற வில்லை நிறுத்திட்டு, “வா தாயி. உங்க அத்தை சொல்லி விட்டாங்க. மூணு மூட்டைதானே?”ன்னாராம்.

“இல்லைங்கண்ணா. ஒரு மடி.”

“ஒரு மூட்டையா?”

“ஒரு மடி. இந்த முந்தானையில அள்ளிக் கட்டற அளவு.”

“மடியா! அதுல தலகாணிகூட வராதே தாயி.”

“தலகாணி வேண்டாங்கண்ணா. தோசைக்கல்லுல மாவை இழுக்கற மாதிரி மெல்லிசா, தட்டையா, ஒரே சீராப் பரத்திக் குடுங்க. எங்கயும் கட்டி நிக்கக் கூடாது. ஊசி உள்ளே போய் அதே மூச்சுல வெளியே வரணும்.”

“உங்க அத்தை விடுவாங்களா?”

“விடமாட்டாங்க. ஆனா மூணு மூட்டையைத் தைக்க என் விரல் என்னை விடாதுங்கண்ணா.”

இதைப் பெரிய புத்திசாலித்தனம்னு நினைச்சுக்காதீங்க. அலுப்பு. பாதி உலகம் ஓடறதே பொம்பளைங்க அலுத்துப் போய் எடுக்கிற முடிவுலதான்.

ஒரு மடிப் பஞ்சை வாங்கிட்டு வந்தா, கீழ்த்துணி மேல விரிச்சா, மேல்துணியை மூடினா, சின்ன ஊசியால ஓட்டுத்தையல் போட்டா. தையல் எறும்பு வரிசை மாதிரி கிட்டக் கிட்டப் போச்சு, கோடு கோடாப் போச்சு, எந்தக் கண்டிப்பான தையல் டீச்சர் வந்து ஸ்கேல் வெச்சுப் பார்த்தாலும் குத்தம் சொல்ல முடியாது. எங்கயும் பஞ்சு நகரலை, எங்கயும் புடைக்கலை. முடிச்சுக் கொண்டு வந்து வெச்சா.

தேங்காய் விழுந்துச்சு. டொக்கு இல்லை, ‘படார்’. ரெண்டா உடைஞ்சு தண்ணி தெறிச்சுது.

அப்பதான் அந்தக் கத்து. இது போர்வையா, அப்பளமா. தலையில வீசினது, நின்னுக்கிட்டே தூங்கினது, எல்லாம் அப்பதான். அவளை உலுக்கி எழுப்பி, “கொண்டு போய்க் கொட்டாயில கன்னுக்குட்டி மேல போடு. அதுக்குத்தான் லாயக்கு. நாளைக்கு மூணு மூட்டை வாங்கிட்டு வா”ன்னு சொல்லி அனுப்பினாளாம். சீரங்காயியும் போய், நடுங்கிட்டிருந்த கன்னுக்குட்டி மேல போட்டுட்டு வந்தா.

அன்னைக்குப் பொழுது சாயறப்போ வாசல்ல குதிரைச் சத்தம். யாருன்னு பார்த்தா அந்த நாட்டு ராஜா! மலை எல்லையைப் பார்க்க வந்தவரை மழை பிடிச்சுக்கிச்சு. மீசையில தண்ணி சொட்டுது, மூக்கு சிவந்து கிடக்கு, மூச்சுக்கு மூச்சு தும்மல். “தாயே, இன்னைக்கு இங்கே தங்கிக்கலாமா? அச்! கொஞ்சம் போத்திக்க ஏதாவது... அச்!”

பெரியநாச்சிக்குத் தலைகால் புரியலை. சீரங்காயியை அடுப்படிக்கு விரட்டிட்டு, தான் மருமகளா வந்தப்போ தைச்ச போர்வையை ரெண்டு பேரை விட்டுத் தூக்கிட்டு வரச் சொன்னா. மூணு மூட்டைப் பஞ்சு, அந்தக் காலத்துலயே சத்தமில்லாம பாஸானது. ராஜா அதுக்கடியில படுத்தாராம். அது மடங்கவே இல்லை, கூடாரம் மாதிரி விறைச்சு நின்னுச்சு. இந்தப் பக்கம் காத்து நுழைஞ்சு அந்தப் பக்கம் போச்சு. அச்!

பெரிய மருமகளோட போர்வையைக் கொண்டு வந்தாங்க. ராஜா ஒரு தடவை புரண்டாரு. அது அப்படியே சரிஞ்சு தரையில போய் உக்காந்துக்கிச்சு. அச்!

ரெண்டையும் சேர்த்துப் போட்டாங்க. இப்ப காத்து வரலை, மூச்சும் வரலை.

எல்லாரும் அசந்தப்புறம் ராஜா ரெண்டையும் கீழே தள்ளி விட்டுட்டு, நடுங்கிக்கிட்டே வெளியே வந்தாராம். வந்தா, கொட்டாயில ஒரு கன்னுக்குட்டி கால் நாலையும் மடக்கிக்கிட்டு சொகமாத் தூங்குது. கிட்டப் போய்த் தொட்டுப் பார்த்தாரு. கதகதன்னு இருக்கு. மேல கிடந்த துணி அதோட முதுகுக்கு முதுகா, வயித்துக்கு வயிறாப் படிஞ்சு கிடக்கு, காத்து போக ஒரு இடுக்கு இல்லை. ராஜா அக்கம்பக்கம் பார்த்தாரு. “கொஞ்சம் நகருப்பா”ன்னு கன்னுக்குட்டிகிட்ட சொல்லிட்டு உள்ளே நுழைஞ்சுக்கிட்டாரு.

காலையில ராஜாவைக் காணோம். கிணத்தை எட்டிப் பார்த்தாங்க, இல்லை. வைக்கோல்போரைக் கிளறிப் பார்த்தாங்க, இல்லை. அடுப்படியில தேடினாங்க, அங்கே ஆட்டுக்கல்லுல சாஞ்சு தூங்கிட்டிருந்த சீரங்காயிதான் இருந்தா. பெரியநாச்சி நெஞ்சுல அடிச்சுக்கிறா. அப்ப கொட்டாய்ப் பக்கமிருந்து சடையன் கத்தினானாம், “அம்மா! நம்ம கன்னுக்குட்டிக்கு மீசை முளைச்சிருக்கும்மா!”

ஓடிப் போய்ப் பார்த்தா, ராஜா சோம்பல் முறிச்சுக்கிட்டு எழுந்திருக்கிறாரு. தும்மல் இல்லை. மூக்கு சிவப்பு இல்லை. “இப்படித் தூங்கி எத்தனையோ காலமாச்சு. இந்தப் போர்வையைத் தைச்சது யாரு?”

பெரியநாச்சி முந்திக்கிட்டா. “நான்தான் மகாராஜா!”

சீரங்காயி வாயைத் திறந்தா. ஒரு சண்டைக்கு வேண்டிய தெம்பு உள்ளே எங்கயாவது இருக்கான்னு தேடிப் பார்த்தா. இல்லை. மூடிக்கிட்டா.

ராஜா கேட்டாரு, “உள்ளே எவ்வளவு பஞ்சு வெச்சே தாயே?”

குறைச்சு வெச்சேன்னு சொல்ல அந்த ஊர்ல எந்தப் பொம்பளைக்கு நாக்கு வரும்? “ராஜா போத்திக்கிற போர்வையில குறை வெப்பேனா? மூணு மூட்டை மகாராஜா!”

“மூணு மூட்டையா?”

“மூணு மூட்டைதான்!”

“இதுக்குள்ளயா?”

“இதுக்குள்ளதான் மகாராஜா, அமுக்கி அமுக்கி வெச்சேன்!”

சடையனுக்குப் பொறுக்கலை. “அம்மா, மூணு மூட்டை நீங்க தைச்சது. அதை மகாராஜா கீழே தள்ளி விட்டுட்டாரு. இது என் பொண்டாட்டி தைச்ச அப்பளம். நீங்கதானே வீசினீங்க?”

ராஜா திரும்பி சீரங்காயியைப் பார்த்தாரு. “நீ சொல்லும்மா. எவ்வளவு?”

“ஒரு மடி, மகாராஜா.”

ராஜா ஓரத்துல ஒரு தையலைப் பிரிச்சாரு. வெத்தலை கனத்துக்கு, மெல்லிசா, தட்டையா, வெள்ளை வெளேர்னு பஞ்சு. “மூணு மூட்டையை அமுக்கினா இப்படியா இருக்கும்?”னு ஒரு பார்வை பார்த்தாரு.

ராஜா சொன்னாரு, “தங்கச்சி, உனக்குப் பொன் தரட்டுமா?”

“வேண்டாம் மகாராஜா.”

“நிலம் தரட்டுமா?”

“வேண்டாம் மகாராஜா. அதையும் நான்தானே உழணும்.”

“அரண்மனைக்கு வந்துடறியா? தையல்காரிங்களுக்கெல்லாம் நீயே தலைவி.”

சீரங்காயிக்கு அதைக் கேட்டதுமே இன்னும் அலுப்பா வந்துச்சாம். “எனக்குத் தூங்கணும் மகாராஜா. யாரும் எழுப்பக் கூடாது. அது போதும்.”

ராஜா சிரிக்கலை. குளிர்ல முழிச்சுக் கிடந்தவருக்குத் தூக்கத்தோட அருமை தெரியும். உடனே உத்தரவு போட்டாரு. இனிமே தேங்காய் சட்னிக்கு மட்டும்தான். உள்ளறையில நல்ல இடம் சீரங்காயிக்கு. அவ போர்வை அவளுக்கு. அவ தானா கண்ணு முழிக்கிற வரைக்கும் அவளை எழுப்பறவங்களுக்குத் தண்டனை. தண்ணி, மாவு, சாணி எல்லாம் எல்லாரும் பங்கு போட்டுச் செய்யணும்.

அப்புறம் பெரியநாச்சி பக்கம் திரும்பினாரு. “மூணு மூட்டை இருந்தாத்தான் போர்வைன்னு உனக்கு அவ்வளவு ஆசை. ராத்திரி நான் தள்ளி விட்ட ரெண்டு போர்வையையும் நீயே வெச்சுக்கோ. இனிமே ஒவ்வொரு மழைக்காலமும் ரெண்டையும் சேர்த்துப் போத்திக்கிட்டுத்தான் படுக்கணும். ராஜா குடுத்த பரிசு, ஓரமா ஒதுக்கி வைக்கக் கூடாது.” சொல்லிட்டுக் குதிரை ஏறிப் போயிட்டாரு.

அந்த ஊர்ல எல்லாரும் பஞ்சு கொட்டறவர்கிட்ட ஓடினாங்க. பெரிய மருமக ஒரு மடி, நடு மருமக ஒரு மடி, பக்கத்து வீட்டுக்காரி ஒரு மடி. மெல்லிசா இருந்ததால சின்ன வெயில்லயே காஞ்சுது. தோள்ல போட்டுக்கிட்டு நடக்கவும் முடிஞ்சுது. பெரியநாச்சியோட மூணு மூட்டை மட்டும் மழை ஈரத்தைக் குடிச்சுக் குடிச்சு, காயவே காயாம, நாளுக்கு நாள் கனத்துக்கிட்டே வந்துச்சாம்.

பொய் சொன்னவ மூட்டைக்கு அடியில, உழைச்சவ போர்வைக்கு அடியில. கதை கண்ணை மூடியாச்சு, நீங்களும் மூடுங்க.

இன்னைக்கும் அந்த ஊர்ல மழைக்காலத்து விடிகாலையில எல்லாரும் சொகமாத் தூங்கிட்டிருப்பாங்களாம். உள்ளறையில சீரங்காயி, இந்தப் பக்கம் சடையன், அந்தப் பக்கம் மத்தவங்க. கூடத்துல, ரெண்டு ஈர மலைக்கு அடியிலேருந்து ஒரு குரல் மட்டும் வருமாம்.

“சடையா... டேய் சடையா...”

“பெரியவளே... அடியே, காதுல விழலையா?”

“அம்மா சீரங்காயி... கண்ணு... என் தங்கம்... இதை ஒரு ஓரமாக் கொஞ்சம் தூக்கி விடேன்...”