சாக மட்டுமே தெரிந்த நடிகன்

இது ரொம்பப் பழைய கதை. எவ்வளவு பழையது என்று கேட்காதீர்கள். நான் சொல்வது பொய் என்று சாட்சி சொல்ல ஒருவர்கூட இன்று உயிரோடு இல்லை, அவ்வளவு பழையது. முன்வரிசையில் இருப்பவர்கள் காலை மடக்கிக்கொள்ளுங்கள். பின்வரிசையில் இருப்பவர்கள் கொட்டாவியைச் சத்தமில்லாமல் விடுங்கள். ஆரம்பிக்கிறேன்.

குமிழியூர் என்று ஒரு நாடு. அதை ஆண்டவன் பெருந்தேவன் என்ற அரசன். அவனுக்குப் படை இருந்தது, பரிவாரம் இருந்தது, பந்தி பந்தியாகச் சாப்பாடு இருந்தது. அழுகை மட்டும் வரவில்லை. தகப்பன் இறந்தபோது அழவில்லை. போரில் தோற்றபோது அழவில்லை. பட்டத்து யானை அவன் காலை மிதித்தபோதுகூட "ஆ" என்றானே தவிர அழவில்லை.

அந்த நாட்டில் ஒரு கூத்துக் குழு இருந்தது. அதன் தலைவர் சிவந்தியப்பர். பாட்டும் ஆட்டமும் சொல்லிக்கொடுப்பவர் என்பதால் எல்லோரும் அவரை அண்ணாவியார் என்பார்கள். அந்தக் குழுவில் வீரபாகு என்று ஒரு நடிகன். ஆள் வாட்டசாட்டம். குரல் கணீர். மூளை நடுத்தரம்.

ஒருநாள் அரண்மனையில் கூத்து. வீரபாகு கொள்ளைக்கூட்டத் தலைவன் வேடம். கதைப்படி அம்பு பட்டுச் சாக வேண்டும். அந்தக் காலத்தில் அம்பு பட்டவன் பொத்தென்று விழுவான். இருவர் வந்து காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார்கள். கதை மேலே நடக்கும்.

வீரபாகு விழவில்லை. முதலில் ஆச்சரியப்பட்டான். பிறகு தள்ளாடினான். பிறகு தூணைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சரிந்து, சின்னக் குழந்தையின் குரலில், "அம்மா, பசிக்குது" என்று சொல்லிவிட்டுச் செத்தான்.

பெருந்தேவன் ஹோவென்று அழுதான். மூக்கைச் சிந்தினான். பட்டு அங்கவஸ்திரம் பாழாயிற்று.

"மறுபடியும் சாகச் சொல்லுங்கள்!" என்று கத்தினான்.

செத்தவன் எழுந்தான். மறுபடியும் செத்தான். அரசன் மறுபடியும் அழுதான். மூன்றாம் முறையும் செத்த பிறகுதான் அரசன் சாப்பிடப் போனான்.

அன்று பிடித்தது யோகம். வீரபாகு சாகிறான் என்றால் ஊர் ஊராக வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். வாளால் செத்தான், விஷத்தால் செத்தான், ஒன்றுமே இல்லாமல் மனமுடைந்தும் செத்தான். கட்டுச்சோற்றைத் தின்றுவிட்டு ஜனங்கள் கூத்து நடக்க நடக்கத் தூங்குவார்கள். மத்தளம் வேகம் பிடித்ததும் பக்கத்திலிருப்பவர் தட்டி எழுப்புவார்: "எந்திரிங்க, எந்திரிங்க, சாகப் போறான்!"

வீட்டிலும் அதே வேலைதான். நடுக்கூடத்தில் செத்துச் செத்துப் பழகுவான். மனைவி வடிவு தண்ணீர்க் குடத்தோடு அவனைத் தாண்டிப் போவாள். "செத்தது போதும், எந்திரிச்சுக் கொல்லைக் கதவைச் சாத்துங்க" என்பாள்.

அண்ணாவியாருக்கு மட்டும் கவலை. ஒரே சாவை ஜனங்கள் எத்தனை நாளைக்குப் பார்ப்பார்கள்?

"வீரபாகு, அடுத்த கூத்துல அமைச்சர் வேடம் கட்டேன்" என்றார்.

"அவர் எப்போ சாகிறார்?"

"சாகமாட்டார்."

"அப்புறம் அவர் எதுக்கு?" என்று போய்விட்டான்.

"பெண்ணைப் பெத்த தகப்பன் வேடம் இருக்கு" என்றார் அடுத்த முறை.

"எப்போ சாகிறான்?"

"அவன் ஏன்யா சாகணும்? பெண்ணுக்குக் கல்யாணம்!"

"அப்புறம் அவன் எதுக்கு?"

"ஓடக்காரன் வேடம்..."

"எப்போ சாகிறான்?"

அண்ணாவியார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார்.

வீரபாகு அதோடு விடவில்லை. தான் சாகாத கூத்தில் ஆடமாட்டேன் என்று விதி வைத்தான். அரசனும் அவன் பக்கம். அதனால் எல்லாக் கதையிலும் ஒரு சாவைச் செருக வேண்டியதாயிற்று. அறுவடைக் கூத்தில் மாடு முட்டிச் செத்தான். சிரிப்புக் கூத்தில் சிரித்துச் சிரித்தே செத்தான். கல்யாணக் கூத்தில் மாப்பிள்ளையாக வந்து, தாலி கட்டக் கையைத் தூக்கி, அப்படியே செத்தான். கெட்டிமேளத்தை எந்த இடத்தில் நிறுத்துவது என்று தெரியாமல் மேளக்காரர்கள் விழித்தார்கள். மணப்பெண் வேடம் கட்டியிருந்த கோலப்பன் கழுத்தை நீட்டியபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

இப்படி வருஷங்கள் போயின. ஒருநாள் பெருந்தேவன் நிஜமாகவே செத்துப்போனான். பலாப்பழம் கொஞ்சம் அதிகம். ஒரு ஏப்பம் விட்டான், அவ்வளவுதான். "வீரபாகு இதைவிட நல்லா செய்வான்" என்று அரண்மனையில் சிலர் கிசுகிசுத்தார்கள்.

அரசனுடைய ஒரே மகள் பெருநங்கை பட்டத்துக்கு வந்தாள். தகப்பன் தலையை மடியில் வைத்திருந்தவள் அவள். அந்தக் கிசுகிசுப்பும் அவள் காதில் விழுந்தது. பட்டம் கட்டிய அன்றே ஆணையிட்டாள்: "என் நாட்டில் இனி மேடையில் யாரும் சாகக்கூடாது. மீறுபவனுக்கு மரண தண்டனை."

மேடையில் செத்தால் தலை போகும்! வேடிக்கையான சட்டம்தான். ஆனால் தலையாரிகள் வேடிக்கை பார்க்கும் ஆட்கள் இல்லை.

வீரபாகுவின் பிழைப்பு ஒரே பகலில் போயிற்று.

வேறு வழியில்லாமல் அமைச்சர் வேடம் கட்டினான். மேடைக்கு வந்தான். கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அதுவரை நெஞ்சைப் பிடிக்க மட்டும்தான் அவனுக்குக் கை இருந்தது. பழக்க தோஷத்தில் கை நெஞ்சுக்குப் போனது. தலையாரிகள் வாளை உருவினார்கள். கோலப்பன் பாய்ந்து அவன் கையைக் கீழே இழுத்தான்.

பெண்ணைப் பெற்ற தகப்பன் வேடம் கட்டினான். உட்கார வேண்டும், கேட்க வேண்டும், வாழ்த்த வேண்டும். விட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். "அந்தத் தாத்தா செத்துட்டாரா?" என்று ஒரு குழந்தை கேட்டது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. வீரபாகுவுக்குக் காது சிவந்தது.

பக்கத்து நாட்டில் சாவுக்குத் தடையில்லை என்று அங்கே ஓடினான். அங்கே செத்துக் காட்டினான். "நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்க ஆள் யானை மேலே இருந்து விழுந்து சாவான்" என்றார்கள். திரும்பி வந்தான்.

அண்ணாவியார் கதவைத் திறந்து அவனைப் பார்த்தார். "ஓடக்காரன் வேடம்தான் பாக்கி. பேச்சே கிடையாது. காதலர்கள் ரெண்டு பேரை அக்கரைக்குக் கொண்டுபோய் விடணும். அவ்வளவுதான்."

வீரபாகு வாயைத் திறந்தான். எப்போது சாகிறான் என்று கேட்க முடியாது. "சரி" என்றான்.

கூத்து நடந்தது. தண்ணீர் இல்லாத மேடையில், படகு இல்லாத இடத்தில், ஒரு மூங்கில் கழியை ஊன்றி ஊன்றித் தள்ளினான். பின்னால் காதலனும், காதலி வேடத்தில் கோலப்பனும் உட்கார்ந்து சண்டை போட்டார்கள். பூ வாங்கி வர மறந்த காதலனைக் கோலப்பன் ஏசிக்கொண்டிருந்தான்: "பூவை மறந்தீரு, சரி. வழியில இட்லிக்கடையை மட்டும் எப்படி மறக்காம இருந்தீரு?"

வீரபாகுவுக்குப் பொசுக்கென்று சிரிப்பு வந்துவிட்டது. நடிப்பு இல்லை, நிஜச் சிரிப்பு. அடக்கப் பார்த்தான். முதுகு குலுங்கியது. திரும்பிப் பார்க்கக்கூடாது என்று முகத்தை நேரே வைத்துக்கொண்டு கழியைத் தள்ளினான். ஓடக்காரன் ஒட்டுக்கேட்கிறான் என்று ஜனங்களுக்குப் புரிந்தது. அவன் முகத்தைப் பார்த்து அவர்கள் சிரிக்க, சண்டை இன்னும் சூடுபிடித்தது. கைதட்டு கூரையைப் பிய்த்தது.

கூத்து முடிந்ததும் வீரபாகு கோலப்பனிடம் கேட்டான்: "இட்லிக்கடை வசனத்தைப் புதுசா சேர்த்தியா?"

கோலப்பன் சவுரிமுடியைக் கழற்றிக்கொண்டே சொன்னான்: "இத்தனை வருஷமா அதைத்தான்யா பேசறேன். நீதான் எப்போ சாகலாம்னு காத்துக்கிட்டே இருந்தே. நாங்க பேசினதை என்னைக்குக் கேட்டே?"

வீரபாகுவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. மறுநாள் காலை அண்ணாவியார் வாசலில் நின்றான்.

"அந்த அமைச்சர் வேடம் இன்னும் இருக்கா?"

"இருக்கு. ஆனா அவர் சாகமாட்டார்" என்றார் அண்ணாவியார் எச்சரிக்கையாக.

"பரவாயில்லை. வேற என்னென்ன செய்வார்?"

அதன் பிறகு அவன் மறுபடி அமைச்சர் வேடம் கட்டினான், அப்போதும் மோசமாக இருந்தது. அடுத்த தடவை சுமாராக இருந்தது. அதற்கடுத்த தடவை ஜனங்கள் அவனை மறந்து அமைச்சரைப் பார்த்தார்கள். இப்படியே தகப்பன் ஆனான், திருடன் ஆனான், காது கேளாத மாமியாரும் ஆனான்.

அப்போதுதான் வந்தது சோதனை.

மலைநாட்டு அரசன் வல்லரையன் உறவு கொண்டாட வந்தான். உறவு கொண்டாட வந்தவன் எதற்கோ பெரும்படையையும் கூட்டி வந்து எல்லையில் நிறுத்தியிருந்தான். விருந்து முடிந்து கை கழுவியதும் கேட்டான்: "உங்க ஊர்ல ஒருத்தன் அருமையா சாவானாமே! அதைப் பார்க்கத்தான் மலை இறங்கி வந்தேன். நாளைக்குக் காட்டணும். இல்லேன்னா அது எனக்கு அவமரியாதை."

பெருநங்கை வீரபாகுவையும் அண்ணாவியாரையும் அழைத்தாள்.

"நீ மேடையில் செத்தால் சட்டப்படி உன் தலை போகும். சாகாவிட்டால் அவருடைய கோபத்தில் என் நாடு போகும். பயந்து சட்டத்தை மாற்றினேன் என்றால், இன்று கூத்து கேட்டவர் நாளை கோட்டையைக் கேட்பார். என்ன செய்யலாம்?"

அண்ணாவியார் அங்கேயே அழ ஆரம்பித்தார். வீரபாகு ஓரடி முன்னால் வந்தான்.

"அரசியாரே, யாரும் சாகாமலே அவருக்குச் சாவைக் காட்டினால் போதுமா?"

"முடியுமா?"

"தெரியலை. செய்து பார்த்ததில்லை."

மறுநாள் மாலை சபை கூடியது. வல்லரையன் சாய்ந்து உட்கார்ந்து, பாதாம் பருப்பைக் கொறித்துக்கொண்டிருந்தான். மேடையோரம் சட்ட அதிகாரி நின்றார், பக்கத்தில் உருவிய வாளோடு தலையாரி.

வீரபாகு ஓடக்காரனாக வந்தான். மகன் போருக்குப் போயிருக்கிறான், இன்றைக்கு வருவான் என்று கரையில் காத்திருக்கும் ஓடக்காரன். படகைத் துடைத்தான். மகன் உட்காரும் இடத்தை இன்னொரு தடவை துடைத்தான்.

அக்கரையிலிருந்து குரல் வந்தது: "ஓடம்! ஓடம்!"

ஓடக்காரன் துள்ளி எழுந்தான். வேகவேகமாகக் கழியை ஊன்றி அக்கரை போனான். அங்கே நின்றது மகன் இல்லை, வேறு ஒரு வீரன். அந்த வேடத்தில் கோலப்பன். ஓடக்காரன் அவனை ஏற்றிக்கொண்டான். அவன் தோளுக்குப் பின்னால் இன்னும் யாராவது வருகிறார்களா என்று பார்த்தான். பிறகு படகைத் திருப்பினான்.

நடு ஆற்றில் வீரன் சொன்னான்: "பெரியவரே, உங்க பையன் நேத்து..." தலையைக் குனிந்துகொண்டான்.

கழி நின்றது.

வீரபாகுவின் கை நெஞ்சுக்குப் போகவில்லை. அவன் தள்ளாடவில்லை. விழவில்லை. சொன்னது காதில் விழுந்துவிட்டது. இன்னும் உள்ளே போகவில்லை. போவதைச் சபை முழுவதும் பார்த்தது.

படகு நடு ஆற்றில் நிற்கிறது. அதில் இன்னொருவன் இருக்கிறான். அவனைக் கரை சேர்க்க வேண்டும். ஓடக்காரன் கழியை எடுத்தான். ஊன்றினான். தள்ளினான். மறுபடி ஊன்றினான். கரை வந்தது. படகைக் கட்டினான். வீரனுக்குக் கை கொடுத்து, சாதாரணக் குரலில் சொன்னான்:

"பார்த்து இறங்குங்க தம்பி, வழுக்கும்."

வல்லரையனின் கையிலிருந்த பருப்பெல்லாம் கீழே கொட்டியது. வாயைத் திறந்து அழுதான். அவன் மெய்க்காவலர்களும் அழுதார்கள். அரியணையில் பெருநங்கை அசையாமல் இருந்தாள். தகப்பன் இறந்த அன்று, துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் "சாப்பிட்டீர்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தவள் அவள். அன்று வராத கண்ணீர் இப்போது வந்தது.

அழுது முடித்ததும் வல்லரையனுக்குச் சந்தேகம் வந்தது. "ஆமாம், அவன் சாகவே இல்லையே?"

"நீங்கள் எதைப் பார்த்து அழுதீர்கள்?" என்று கேட்டாள் பெருநங்கை.

"அந்தப் பையன் செத்ததைப் பார்த்து."

"பையன் மேடைக்கே வரவில்லையே."

வல்லரையன் யோசித்தான். சட்ட அதிகாரியும் யோசித்தார். மேடையேறி, வீரபாகுவின் மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தார். கோலப்பனின் மூக்கடியிலும் வைத்துப் பார்த்தார். திரைக்குப் பின்னாலும் தேடிவிட்டு வந்து, "அரசியாரே, பிணம் எதுவும் இல்லை. எல்லாரும் உயிரோடுதான் இருக்கிறார்கள்" என்று அறிவித்தார். தலையாரி வாளை உறையில் போட்டுக்கொண்டு மூக்கைத் துடைத்தான்.

வல்லரையன் படையைத் திருப்பி அழைத்துக்கொண்டு மலையேறினான். சில நாள் கழித்துப் பெருநங்கை அந்தச் சட்டத்தையும் எடுத்துவிட்டாள். அண்ணாவியார் ஆசையாக வந்து, "வீரபாகு, இனிமே நீ தாராளமா சாகலாம்!" என்றார்.

"கதைக்கு வேணும்னா சாகிறேன். இப்போ அந்த மாமியார் வேடத்துல எனக்கு ஒரு சந்தேகம். அவளுக்கு நிஜமாவே காது கேட்காதா, இல்லை கேட்காத மாதிரி நடிக்கிறாளா?" என்று உட்கார்ந்தான் வீரபாகு.

தலை நரைத்தபோது கிழவனாக ஆடினான். குரல் உடைந்தபோது பேச்சில்லாத வேடம் ஆடினான். முழங்கால் மடங்காதபோது உட்கார்ந்தே ஆடினான். அவனைவிட அழகாகச் சாகிற இளைஞர்கள் பலர் வந்தார்கள், கைதட்டு வாங்கினார்கள், காணாமலும் போனார்கள். வீரபாகு இல்லாமல் மட்டும் குமிழியூரில் ஒரு கூத்தும் நடக்கவில்லை.

ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள்: ஒரே வேடத்தில் பேர் வாங்கிய நடிகனுக்குக் கொஞ்ச நாள் கைதட்டல் கிடைக்கும், கூட ஆடுகிறவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டு, காலத்துக்கு ஏற்ற வேடத்தையெல்லாம் கற்றுக்கொண்டே இருப்பவனுக்குத்தான் வாழ்நாள் முழுவதும் மேடை கிடைக்கும்.