மெட்டுக்கு ஒரு வீடு

முன்னொரு காலத்தில் என்று தொடங்கத்தான் ஆசை. ஆனால் இது நடந்தது போன தை மாதம், பாளையங்கோட்டையில், ஒரு மடிக்கணினிக்குள்.

அந்த மடிக்கணினி பியூலாவுடையது. பியூலா ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். வருகிறவர்களின் மூக்கில் கனத்த சட்டத்தை மாட்டி, "இப்போ தெரியுதா? இது நல்லாருக்கா, அது நல்லாருந்துச்சா?" என்று கேட்டுக் கேட்டுக் கண்ணாடிச் சில்லை மாற்றுவது அவள் வேலை. காலையில் கடைக்குப் போகும் முன் இரண்டு மணி நேரம் அவள் இசையமைப்பாளர். அப்படி அவளை நம்பி ஒரு வேலை கொடுக்க அதுவரை யாரும் துணியவில்லை. முதலில் துணிந்தவர் சுடலைமணி சார்.

சுடலைமணி சார் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவர். வருடத்துக்கு ஒருமுறை பத்தொன்பது ஆசிரியர்களைச் சேர்த்து ஒரு நாடகம் போடுவார். இந்த வருட நாடகம், கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் பறந்து வரும் வழியில் கூட்டத்தைத் தவறவிட்ட ஒரு நாரையைப் பற்றியது.

"நாரை தனியா வருது பாத்துக்கோ. அந்த எடத்துக்கு ஒரு மியூசிக் வேணும். ரெண்டு நிமிசம் போதும்," என்றார் அவர். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒத்திகை. அதுக்குள்ள வரலன்னா போன வருசம் போட்டதையே போட்டுருவேன். பொறவு என்னையக் குத்தம் சொல்லப்பிடாது."

"கொண்டாந்துருவேன் சார்," என்றாள் பியூலா.

அன்று வீட்டுக்குத் திரும்பும்போது, டவுன் பஸ் ஆற்றுப்பாலத்தில் ஏறிய நேரத்தில், அவளுக்குள் ஒரு மெட்டு பிறந்தது. பதினொரு சுரம். முதலில் ஏழு சுரம் போகும். அதில் மூன்று குடுகுடுவென்று ஓடும். ஏழாவதில் மெட்டு நின்றுவிடும். வழி தெரியாத பறவை அந்த இடத்தில் ஒரு கணம் யோசிக்கிறது. பிறகு நான்கு சுரம். மெட்டின் உயிர் முழுவதும் அந்த நிறுத்தத்தில்தான் இருந்தது.

மெட்டுக்கு உடம்பு கிடையாது. யாராவது வாசித்தால்தான் அதற்கு இருப்பு. வாசிக்காமல் விட்டால் நாலைந்து நாளில் மறந்து போகும். மெட்டுகள் சாவது அப்படித்தான். இது அந்த மெட்டுக்கும் தெரியும்.

பியூலா அதை முணுமுணுத்து ஃபோனிலாவது பதிந்து வைத்திருக்கலாம். வைக்கவில்லை. முதலில் நல்ல ஒலியாகத் தேர்ந்தெடுப்போம், மெட்டை அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். இசையமைக்கப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். அவளை மட்டும் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே மெட்டு தானே வீடு தேடிப் புறப்பட்டது.

மடிக்கணினிக்குள் ஒரு தெரு. தெருவில் நாலு வீடு. ஒவ்வொரு வீடும் ஒரு சாம்பிள் லைப்ரரி. எங்கேயோ இருக்கிற வாத்தியக்காரர்களை உட்கார வைத்து, ஒவ்வொரு சுரமாக வாசிக்கச் சொல்லிப் பதிந்து, மொத்தமாகக் கட்டிக் கொடுப்பார்கள். நாம் கீபோர்டில் விரல் வைத்தால் அவர்கள் வாசிப்பார்கள். தெருவில் முதல் மூன்று வீடுகளும் பத்து நாள் வெள்ளோட்டத்துக்கு வந்தவை. சனிக்கிழமையோடு கெடு முடிகிறது. அதற்குள் பியூலா ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நாலாவது வீடு இலவசமாக வந்தது. இரண்டு வருடமாகத் தெருக்கோடியில் கிடந்தது.

திங்கட்கிழமை காலை மெட்டு முதல் வீட்டுக் கதவைத் தட்டியது. அதன் பெயர் மகாசபை. குளிர்தேசம் ஒன்றில், பெரிய கல் மண்டபத்தில் வைத்துப் பதியப்பட்டது. மேடைத் தமிழில்தான் பேசும்.

"உள்ளே வருக! எம்மிடம் அறுபது பேர் கொண்ட வயலின் குழு இருக்கிறது. ஒரு விரல் வைத்தால் அறுபது பேரும் எழுவர்."

"நாரை ஒண்ணுதாங்க," என்றது மெட்டு.

"அதனாலென்ன? துணைக்கு இருக்கட்டும்."

பியூலா மெட்டுக்கு அடியில் கனமாக இருக்கட்டும் என்று மூன்று விரல்களைச் சேர்த்து வைத்தாள். ஒரு விரலுக்கு அறுபது பேர் என்றால் மூன்று விரலுக்கு நூற்றெண்பது பேர் என்று அவளுக்குத் தோன்றவில்லை. நூற்றெண்பது பேரும் ஒரே நேரத்தில் வில்லை இழுத்தார்கள். மெட்டு நடுவில் மாட்டிக்கொண்டது. போதாததற்கு அந்த மண்டபத்தின் எதிரொலி லேசில் அடங்காது. குடுகுடுவென்று ஓடும் மூன்று சுரங்களும் ஒன்றோடொன்று கலந்து கூழாகின. நிறுத்தத்தில் எதிரொலி வந்து நிரம்பிக்கொண்டது.

ஆனால் ஒலி அவ்வளவு அழகு. பியூலா சொக்கிப் போய் உட்கார்ந்திருந்தாள். அந்த அழகைக் கெடுப்பது அந்த மூன்று சுரங்கள்தான் என்று பட, அவற்றை எடுத்துவிட்டாள்.

"சிறு சுரங்கள் இச்சபைக்கு ஒவ்வாதவை," என்றது மகாசபை, வழியனுப்பும்போது. வருத்தத்தோடுதான் சொன்னது. அது கெட்டதல்ல. தன் குரலையே கேட்டுப் பழகிய காது அதற்கு.

எட்டுச் சுரங்களோடு மெட்டு தெருவில் இறங்கியது.

செவ்வாய்க்கிழமை இரண்டாவது வீடு. பெயர் இடிமுழக்கம். உள்ளே முரசுகளும் பித்தளைக் குழல்களும் தவிர வேறு யாரும் இல்லை.

"வா மாப்ள, வா! என்ன கதை?"

"ஒரு நாரை வழி தவறிப் போச்சு."

"தவறிப் போச்சா? அப்போ சண்டைதான்!"

"சண்டையெல்லாம் இல்லைங்க. அது பாட்டுக்கு யோசிச்சுக்கிட்டு வருது. இந்த எடத்துல கொஞ்சம் நிக்கும்..."

"சும்மா கெடக்கிற எடத்தை யாராவது விடுவாங்களா?" என்று இடிமுழக்கம் அந்த நிறுத்தத்தில் முரசைப் போட்டு அடித்தது. மடிக்கணினியின் விசிறி இரைந்தது. நாரை பட்டாளத்தில் சேர்ந்துவிட்டது. இரண்டு சுரங்கள் மிதிபட்டுக் காணாமல் போயின.

பியூலாவுக்கு மெய் சிலிர்த்தது. கடைக்குப் போகும் வழியெல்லாம் தன்னைப் பெரிய ஆளாக நினைத்துக்கொண்டே போனாள். மத்தியானம் ஒரு கிழவருக்குக் கண் பரிசோதிக்கும்போதுதான், நாரை தனியாக அல்லவா வருகிறது என்று உறைத்தது.

புதன்கிழமை மூன்றாவது வீடு. பெயர் துல்லியம். ஒரே ஒரு வயலின்தான். ஆனால் வில்லை இழுக்கும் விதம் ஐம்பத்தேழு. கீபோர்டின் இடது ஓரக் கட்டைகளை அழுத்தினால் விதம் மாறும். அந்த வீட்டு வாசலில் ஒரு ஜன்னல் இருந்தது. கேள்விகள் அதிலிருந்துதான் வந்தன.

"நீள வில்லா, குட்டை வில்லா?"

"தெரியலைங்களே."

"தட்டும் வில்லா, துள்ளும் வில்லா? அதிர்வு உண்டா, இல்லையா? மெல்லத் தொடங்குமா, அழுத்தித் தொடங்குமா?"

"நான் பஸ்ல பொறந்தேங்க. இதெல்லாம் எங்களுக்கு யாரும் சொல்லித் தரலை."

"யோசித்துவிட்டு வந்து வரிசையில் நில்லுங்கள்."

பியூலா அன்று காலை முழுவதும் முதல் சுரத்தை வாசித்தாள். ஐம்பத்தேழு விதமாக, அந்த ஒரே சுரத்தை. இரண்டாவது சுரத்துக்குப் போகவேயில்லை. கடைக்கு நேரமாகிவிட்டது.

சாயங்காலம் சுடலைமணி சார் ஃபோனில் கூப்பிட்டார். "என்னம்மா, நாரை எங்க வந்துக்கிட்டு இருக்கு?"

"பக்கத்துல வந்துட்டு சார்."

பொய். வியாழக்கிழமை கடைக்கு லீவு சொல்லிவிட்டுக் கணினி முன்னால் உட்கார்ந்தவள், பழைய மெட்டை முணுமுணுத்துப் பார்த்தாள். முதல் சுரம் வந்தது. அடுத்து வந்தது முரசு. மறுபடி முயன்றாள். கல் மண்டபத்து எதிரொலி வந்தது. மெட்டு வரவில்லை. வாழ்க்கையில் முதல்முதலாக ஒருவர் நம்பிக் கேட்டது, இனி வரப்போவதில்லை என்று தோன்றியபோது அழுதேவிட்டாள்.

அழுது முடித்ததும் புத்தி ஓர் ஆறுதல் கண்டுபிடித்தது. மகாசபையில், இணையத்திலிருந்து இன்னும் இறக்காத வாத்தியங்கள் இருக்கின்றன. அவற்றையும் இறக்கினால் எல்லாம் சரியாகிவிடும். இறக்கப் போனால் இடமில்லை என்றது கணினி. எதை அழிக்கலாம் என்று தேடினாள். தெருக்கோடி வீடு கண்ணில் பட்டது.

அதன் பெயர் சிற்றறை. ஒரு புல்லாங்குழல், நாலு வயலின், எந்நேரமும் ஜலதோஷம் பிடித்தது போல் ஒலிக்கும் ஒரு கொம்பு. அவ்வளவுதான் குடும்பம்.

மெட்டு அங்கே ஒரே ஒரு சுரத்தோடு போய் நின்றது.

"உள்ள வாங்க," என்றது சிற்றறை. "ரொம்ப நேரம் உக்கார வைக்க முடியாது. என்னைய இடிக்கப் போறாங்க."

"உங்ககிட்ட என்னல்லாம் இருக்கு?"

"சொல்லிக்கிடுற மாதிரி ஒண்ணும் இல்ல. என் கதைய விடுங்க. நீங்க எப்படிப் போவீங்க? சொல்லுங்க, கேக்கேன்."

மெட்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று நாளாக மூன்று வீடு ஏறி இறங்கியாயிற்று. இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை.

"மறந்து போச்சுங்க," என்றது.

"தெரிஞ்ச வரைக்கும் சொல்லுங்க. மிச்சம் தானா வரும்."

வெளியே பியூலா, தன் பழைய பாட்டு எதிலாவது சிற்றறை ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அழிப்போம் என்று அதைத் திறந்தாள். புல்லாங்குழல் விழித்தது. சும்மா கை வைத்தாள். கை போனது அந்த முதல் சுரத்துக்கு. விரலை எடுத்தாள். ஒலி சட்டென்று நின்றது.

இலவசமாகக் கொடுப்பதால் இடத்தை மிச்சம் பிடிக்க, ஒவ்வொரு சுரத்தின் வாலையும் நறுக்கியிருந்தார்கள். எதிரொலி கிடையாது. விரலை எடுத்தால் அமைதி. நியாயமாகப் பார்த்தால் அது குறைதான். ஆனால் அந்த அமைதியை நிரப்ப அங்கே ஆள் இல்லை. அடுத்து என்ன என்று அது பியூலாவைப் பார்த்துக் காத்திருந்தது.

அவள் விரல் இரண்டாவது சுரத்துக்குப் போனது. பிறகு மூன்று சுரங்கள் குடுகுடுவென்று ஓடின. ஆறு. ஏழு. விரலை எடுத்தாள். பறவை யோசித்தது. பியூலா மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு நான்கு சுரமும் வரிசையாக இறங்கி வந்தன.

"இந்தா, இதுதான், இதுதான்!" என்று ஆள் இல்லாத வீட்டில் சத்தம் போட்டாள். உடனே எழுதிக்கொண்டாள். ஃபோனிலும் பாடிப் பதிந்துகொண்டாள். அழிப்பதை அடியோடு மறந்துவிட்டாள்.

மத்தியானத்துக்குள் இரண்டு நிமிடமும் முடிந்தது. புல்லாங்குழல் நாரையாகப் பறந்தது. ஜலதோஷக் கொம்பு அதன் களைப்பாக ஒலித்தது. கடைசியில், தூரத்தில் கூட்டம் தெரியும் இடத்துக்கு மட்டும் பியூலா மகாசபையைக் கூப்பிட்டாள். ஒரே விரல்.

மெட்டு உள்ளே போனபோது மகாசபை அதை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. "தாங்கள் முன்பு வந்தவர்தானா? பதினொரு பேராக வந்திருக்கிறீர்களே!"

"அன்னைக்கும் பதினொரு பேர்தாங்க," என்றது மெட்டு. அறுபது பேரும் மெல்ல எழுந்தார்கள். இந்தத் தடவை யாரும் நசுங்கவில்லை. மகாசபைக்கே அன்றுதான் தன் மண்டபம் எதற்குக் கட்டப்பட்டது என்று புரிந்தது. எனக்கு அதன் மேல் இருந்த கோபமும் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை ஒத்திகையில் நாரையாக நடித்த விளையாட்டு ஆசிரியருக்குத் தொந்தி உண்டு. ஆனாலும் மெட்டு தொடங்கியதும் ஒருவரும் சிரிக்கவில்லை. நிறுத்தம் வந்தபோது அவர் கையை விரித்தபடியே நின்றார். கூடத்தில் எல்லோரும் அவரோடு நின்றார்கள்.

முடிந்ததும் சுடலைமணி சார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "இன்னொரு மட்டம் போடும்மா," என்றார். நாலு தடவை போடச் சொன்னார். பியூலா அன்று வீட்டுக்கு நடந்தே போனாள், சந்தோஷத்தில் பஸ் ஏற மறந்து.

சனிக்கிழமை கெடு முடிந்தது. துல்லியத்தின் ஜன்னல் சாத்திக்கொண்டது. இடிமுழக்கம் போகும்போதும் ஒரு அடி அடித்துவிட்டுத்தான் போனது. மகாசபை, "வேலை வரும்போது அழைக்கவும்," என்று கதவடைத்தது. பியூலா எதையும் வாங்கவில்லை. இப்போதைக்கு என்ன வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. சிற்றறை மட்டும் தெருவில் தனியாக இருந்தது. மெட்டு எங்கே என்று தன் புல்லாங்குழலை எட்டிப் பார்க்கச் சொன்னது. எந்த வீட்டிலும் அது இல்லை.

திங்கட்கிழமை மத்தியானம், பள்ளிக்கூடக் குழாயடியில், நாடகத்தில் மேகமாக வரும் தமிழாசிரியை செண்பகவல்லி டீச்சர் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டே முணுமுணுத்துக்கொண்டிருந்தார். சுருதி கொஞ்சம் அப்படி இப்படித்தான். சுரம் பதினொன்றும் இருந்தன.

"என்ன டீச்சர், காலையில இருந்து ஒரே பாட்டா இருக்கு?" என்றார் பின்னால் வந்த சுடலைமணி சார்.

"நான் எங்க சார் பாடுதேன்? வெள்ளிக்கிழமை வந்து வாயில குடியேறிட்டு. போன்னாலும் போவ மாட்டேங்கு."